திங்கள்தோறும் ஒரு தலைப்பு: ஷிக்கியின் பாக்கூட்டம் குறித்துச் சில எண்ணங்கள்

ஒரு கவிதையைப் பற்றி, ‘இது தலைப்புக்காக எழுதப்பட்டது’ என்று நம்மில் ஒருவர் கூறினால் அது பாராட்டாகக் கொள்ளப்படுவதில்லை. உள்ளத்தில் தானே ஊற்றெடுப்பதே கவிதை, பிறர் கொடுத்த தலைப்புக்கு இயற்றுவது வெறும் பயிற்சி என்னும் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. நடைமுறையில் நாம் செய்வதோ வேறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் எழுதுவோர் திங்கள்தோறும் கூடி, முன்னரே அறிவிக்கப்பட்ட தலைப்புக்கோ கொடுக்கப்பட்ட தொடக்க வரிக்கோ எழுதி வந்து வாசிக்கும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. பள்ளிகளில் கட்டுரைப் பாடம் முழுவதும் தலைப்பை நம்பியே நடைபெறுகிறது. கருத்தளவில் இகழ்வதைச் செயலளவில் போற்றிவரும் இம்முரண்பாட்டை நாம் நேர்நின்று ஆராய்வது குறைவு.

இக்கட்டுரை அதனைத் தமிழுக்கு வெளியே, ஜப்பானியக் குறும்பா மரபில் வைத்து ஆராய முற்படுகிறது. அயலிலக்கியம் ஒன்றை நாடுவதற்குக் காரணம் உண்டு. ‘ஹைக்கூ’ நமக்குப் புதிதன்று. பாரதியார் 1916ஆம் ஆண்டிலேயே ‘சுதேசமித்திரன்’ இதழில் ஜப்பானியக் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதியுள்ளார். அவ்வடிவம் பின்னர்த் தமிழில் பெருகியதையும் நாம் அறிவோம். ஆயினும் அவ்வடிவம் பிறந்து வளர்ந்த இடம் தனியொருவரின் எழுதுமேசை அன்று. நண்பர்கள் கூடிய அறை. அந்த அறையில் தலைப்பு என்ன செய்தது என்பதைப் பற்றி ஜப்பானியர் தமக்குள் கடுமையாகவே வாதிட்டுள்ளனர். அவ்வாதத்தின் சுவடு அவர்தம் மொழியின் ஒரு சொல்லிலேயே பதிந்துள்ளது.

ஒரு சொல்லின் வரலாறு

ஜப்பானிய மொழியில் ‘சுகி’ என்பது நிலவையும் மாதத்தையும் ஒருங்கே குறிக்கும். நம் ‘திங்கள்’ போல. ‘சுகினமி’ என்பதற்குத் ‘திங்கள்தோறும் நிகழ்வது’ என்பதே நேர்ப்பொருள். இன்றோ அச்சொல்லைக் கேட்கும் ஜப்பானியர் உள்ளத்தில் எழும் பொருள் வேறு. சலித்துப்போனது, எவரும் சொல்லக்கூடியது, தேய்ந்த வழக்கு என்பனவே அதன் இன்றைய பொருள்கள். மாதந்தோறும் கூடிப் பாடிய கவிஞர்களின் பெயர் வசைச்சொல்லாக மாறியது. அம்மாற்றத்தைப் பெரிதும் நிகழ்த்தியவர் மசாவோகா ஷிக்கி (1867–1902).

ஷிக்கி இகழ்ந்த கூட்டங்கள் எவ்வாறு நடைபெற்றன? எடோ காலத்தின் பிற்பகுதியில் இவை நாடெங்கும் பெருகியிருந்தன. அடுத்த கூட்டத்துக்குரிய தலைப்புகள் அச்சிட்ட தாளில் முன்னரே அறிவிக்கப்படும். தலைப்பு பெரும்பாலும் பருவத்தைச் சுட்டும் ஒரு சொல்லாகவே இருக்கும்: முதற்பனி, தவளை, அறுவடை நிலவு என்பன போல. எழுதியவர்கள் தங்கள் பாக்களை ஒரு சிறு கட்டணத்தோடு அனுப்புவர். ஆசான் அவற்றுக்குப் புள்ளியிடுவார். மிகுதியான புள்ளி பெற்றவை ஒற்றைத்தாளில் அச்சாகிப் பங்கேற்றோருக்குத் திரும்பி வரும், பரிசும் உண்டு. ஆசானின் பிழைப்பு அக்கட்டணத்தில் நடந்தது. பாவின் போக்கும் அதனாலேயே தீர்மானிக்கப்பட்டது. எந்த ஆசானுக்கு எத்தகைய திருப்பம் பிடிக்கும் என்று அறிந்தவர்கள் அத்திருப்பத்தையே திரும்பத் திரும்ப எழுதினர்.

1896இல் வினாவிடை வடிவில் எழுதிய கட்டுரையொன்றில் ஷிக்கி தம் அணிக்கும் சுகினமி அணிக்கும் உள்ள வேறுபாடுகள் ஐந்தினை வகுத்துக் காட்டினார். யாம் உணர்ச்சியை நோக்கிப் பேசுகிறோம், அவர்கள் அறிவை நோக்கிப் பேசுகின்றனர் என்பது முதலாவது. தேய்ந்த கருத்தை யாம் வெறுக்கிறோம், அவர்கள் புதுமையை வெறுக்கின்றனர் என்பது இரண்டாவது. சொல்லின் தளர்ச்சி, சொற்களின் வரம்பு ஆகியன பற்றிய இரண்டினை அடுத்து வருவது ஐந்தாவது: அவர்களுக்குக் குருமரபும் குழுவும் பெருமை, எமக்கு அவை இல்லை.

இந்த ஐந்தில் தலைப்புக் கொடுத்து எழுதும் முறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது நோக்கத்தக்கது. மாதக் கூட்டம் என்னும் பெயரையே வசையாக்கிய ஒருவர், அக்கூட்டத்தின் கண்கூடான கூறாகிய தலைப்பை விட்டுவிடுகிறார். மறதியால் விடுபட்டதாக நாம் கருதவில்லை. தம் வீட்டில் அவரும் அதையே செய்துகொண்டிருந்தார்.

நெகிஷி இல்லம்

தோக்கியோவின் நெகிஷிப் பகுதியில் ஷிக்கி வாழ்ந்த சிறுவீட்டில் நண்பர்களும் மாணவர்களும் கூடிப் பா இயற்றினர். எலும்புருக்கி நோய் முதுகெலும்பைத் தாக்கியதால் வாழ்வின் கடைசி ஆண்டுகளை ஷிக்கி பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். ஆகவே கூட்டம் அவரிடம் வந்தது. தக்காஹாமா கியோஷி, கவாஹிகாஷி ஹெக்கிகோத்தோ முதலியோர் அங்கே கூடியவர்களுள் முதன்மையானவர்கள். ஷிக்கியின் மறைவுக்குப் பின் இருவரும் எதிரெதிர்த் திசைகளில் சென்றனர் என்பது தனிக்கதை.

அக்கூட்டங்களின் நடைமுறை இன்றும் ஜப்பானில் பின்பற்றப்படுவது. தலைப்பு இருவகைப்படும். முன்னரே அறிவிக்கப்படுவது ஒன்று. கூடிய இடத்தில் அப்பொழுதே கொடுக்கப்படுவது மற்றொன்று. ஒவ்வொருவரும் தம் பாவைச் சிறு தாள்துண்டில் பெயரின்றி எழுதுவர். துண்டுகள் கலைக்கப்பட்டுப் பிரித்துக் கொடுக்கப்படும். தம்மிடம் வந்தவற்றை ஒவ்வொருவரும் பெரிய தாளொன்றில் படியெடுப்பர். இதனால் கையெழுத்தும் மறைந்துவிடும். பின்னர் அத்தாள்கள் சுற்றி வரும். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தவற்றைக் குறித்துக்கொள்வர். தெரிவானவை உரக்கப் படிக்கப்படும். தம் பா படிக்கப்படும்பொழுதுதான் எழுதியவர் தம் பெயரைச் சொல்வார். தலைவரின் பாவும் மாணவரின் பாவும் ஒரே தாளில் ஒருவர் கையெழுத்தில் நிற்கும். தலைவரின் பாவை எவரும் தெரிவு செய்யாமலும் போகலாம்.

ஒரே தலைப்பில் பத்துப் பாக்கள் இயற்றும் பயிற்சியையும் ஷிக்கி குழுவினர் மேற்கொண்டனர். இதன் பயன் எளிதில் விளங்குவதே. ஒரு தலைப்புக்கு முதலில் வரும் இரண்டு மூன்று பாக்கள் எவருக்கும் தோன்றக்கூடியவை. ஐந்தாவதில் கையிருப்புத் தீர்ந்துபோகும். அதன்பின் எழுதுபவர் பொருளை மறுபடியும் பார்க்க வேண்டியவராகிறார். ஓவியர் நாகாமுரா ஃபுசெட்சுவுடன் கொண்ட நட்பினால் ஷிக்கி கைக்கொண்ட ‘கண்டதை வரைதல்’ என்னும் கொள்கை இப்பயிற்சியோடு பொருந்தி நிற்பதை நாம் காணலாம். ஷிக்கியும் படுக்கையில் இருந்தவாறே பழங்களையும் பூக்களையும் நீர்வண்ணத்தில் வரைந்தவர். அவர் பழைய பாக்களைப் பருவத் தலைப்புவாரியாகத் தொகுத்த பெருந்தொகுதியையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். மாதத் தலைப்பை இகழ்ந்தவராகக் கருதப்படும் இவரே, ஒவ்வொரு தலைப்பின்கீழும் முன்னோர் என்னென்ன சொல்லிவிட்டனர் என்பதை மற்றெவரினும் நன்கறிந்தவர். எதைச் சொல்லக்கூடாது என்பதை அறிய அதனினும் சிறந்த வழி உண்டோ?

கோழிக்கொண்டைப் பா

1900ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அவ்வீட்டில் நடந்த கூட்டத்தில் கொடுக்கப்பட்ட தலைப்பு கோழிக்கொண்டைப் பூ. ஷிக்கியின் தோட்டத்திலும் அச்செடிகள் இருந்தன. அன்று அவர் எழுதியவற்றுள் ஒரு பா, அச்செடிகள் ஏறத்தாழ எத்தனை இருக்கக்கூடும் என்று கணிப்பதன்றி வேறெதனையும் சொல்வதில்லை. உவமை இல்லை; உணர்ச்சிச் சொல் இல்லை; நிறத்தைக் கூடக் குறிக்கவில்லை. கூடியிருந்தோருள் மிகச் சிலரே அதனைத் தெரிவு செய்தனர். நெருங்கிய மாணவராகிய கியோஷி பிற்காலத்தில் தொகுத்த ஷிக்கியின் தெரிபாக்களில் அதற்கு இடமே அளிக்கவில்லை.

அப்பாவைத் தூக்கிப் பிடித்தவர்கள் ஹைக்கூ எழுதுவோர் அல்லர். தன்கா என்னும் வேறொரு வடிவில் எழுதிய நாகாத்சுகா தக்காஷி, சைத்தோ மோக்கிச்சி ஆகியோர். பின்னர் இரண்டாம் உலகப்போரை அடுத்த காலத்தில் அதன்மேல் பெரும் வாதம் எழுந்தது. எழுந்து நின்று எண்ண இயலாத நோயாளியின் படுக்கை அக்கணிப்புக்குப் பின்னால் இருப்பதாக ஒரு சாரார் கண்டனர். எண்ணிக்கையையும் பூவையும் மாற்றிப் போட்டாலும் பா அப்படியே நிற்கும், ஆகவே அது வெறுங்கூற்றே என்று மற்றொரு சாரார் மறுத்தனர். நோயாளியின் வாழ்க்கையை அறியாத வாசகருக்கு அப்பா என்ன தரும் என்னும் வினா இன்றளவும் முற்றத் தீர்ந்ததன்று.

நம் கருத்தை ஈண்டுச் சொல்லிவிடுகிறோம். அப்பா சிறந்தது என்பதே நம் துணிபு. ஆனால் அச்சிறப்பை நோயாளியின் வரலாற்றிலிருந்து கடன்வாங்க வேண்டியதில்லை. தலைப்பு பூவைக் கொடுத்துவிட்டது. கூடியிருப்போர் அனைவர் உள்ளத்திலும் அப்பூ ஏற்கெனவே சிவந்து நிற்கிறது. ஆகவே அதன் நிறத்தையும் வடிவையும் பற்றிப் பேச வேண்டிய தேவையிலிருந்து கவிஞர் விடுபடுகிறார். எண்ணிக்கை ஒன்றே எஞ்சுகிறது. அதுவும் உறுதியற்ற எண்ணிக்கை. தலைப்பில்லாத தனிமையில் எழுதப்பட்டிருந்தால் அப்பா இத்துணைத் துணிவோடு வெறுமையாக இருந்திருக்க இயலாது. தலைப்பு இங்கே கற்பனைக்கு வேலியாக அன்றி, சொல்லாமல் விடுவதற்கான உரிமையாகச் செயற்பட்டது எனலாம்.

அதே வேளையில் அந்த அறை அப்பாவைக் கண்டுகொள்ளவில்லை என்பதையும் நாம் மறைக்க முடியாது. பெயர் மறைத்த தாள், சமமான வாக்கு, கற்றறிந்த நண்பர்கள் எல்லாம் இருந்தும் அன்று எழுதப்பட்டவற்றுள் நெடுங்காலம் பேசப்படவிருந்த பா ஏறக்குறையக் கவனிக்கப்படாமலே போயிற்று. ஆகவே இத்தகைய கூட்டங்களின் பெருமையை அவற்றின் தீர்ப்பில் தேடுதல் வீண். எழுதவைப்பதே அவற்றின் வேலை. ஷிக்கியின் அறையில் தீர்ப்புக்கு விலை இல்லை. மறுவாரம் வேறு தலைப்பு, வேறு தாள். சுகினமி ஆசானின் முறையிலோ தீர்ப்பே சரக்கு. புள்ளிக்காகக் கட்டணம், புள்ளிக்காகப் பரிசு, புள்ளிக்காக அச்சு. இரண்டு இடத்திலும் தலைப்பு ஒன்றாக இருக்கக்கூடும். தலைப்பைச் சுற்றி என்ன கைம்மாறுகிறது என்பதே வேறு.

பிற சான்றுகள்

தலைப்பும் தோழமையும் சேர்ந்து கலையை வளர்த்தமைக்கு ஷிக்கிக்கு முன்னரும் சான்றுகள் உள. ஓவியரும் கவிஞருமான யோசா பூசோன் 1766இல் கியோத்தோவில் நண்பர்களுடன் அமைத்த ‘சங்காஷா’ என்னும் குழு தலைப்புக்குப் பா இயற்றும் குழுவே. ஷிக்கி பெரிதும் போற்றிய பூசோன் அத்தகைய கூட்டங்களில் உருவானவர். ‘கண்டதை வரைதல்’ என்று முழங்கிய ஷிக்கி, காணாததைத் தலைப்பிலிருந்து புனைந்த பூசோனைத் தம் முன்னோடியாகக் கொண்டது அவருடைய கோட்பாட்டை விட அவருடைய சுவையுணர்வு பெரிது என்பதற்குச் சான்று.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1765இல் எடோ நகரில் நடந்தது இன்னும் சுவையானது. அக்கால நாட்காட்டியில் முப்பது நாள் மாதங்களும் இருபத்தொன்பது நாள் மாதங்களும் ஆண்டுதோறும் இடம் மாறும். நாட்காட்டி வெளியிடும் உரிமை சிலருக்கே இருந்தது. பாப்புனையும் நண்பர் குழுக்களைச் சேர்ந்த ஆர்வலர்கள், நீண்ட மாதங்களின் எண்களை ஓவியத்தில் ஆடை மடிப்பிலும் பூவேலையிலும் ஒளித்துவைத்துத் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். ஓக்குபோ கியோசென் என்னும் சாமுராயின் குழு இதில் முன்னின்றது. எல்லாருக்கும் ஒரே பொருள். அதுவும் பன்னிரு மாதங்களின் வரிசை என்னும் வறண்ட பொருள். ஆயினும் ஒருவரையொருவர் விஞ்சும் ஆர்வத்தில் அவர்கள் ஓவியர் சுசுக்கி ஹாருநொபுவைக் கொண்டு செய்வித்த தாள்களே ஜப்பானியப் பன்னிற மர அச்சுக்கலையின் தொடக்கமாயின. அத்தாள்கள் சிலவற்றில் ஓவியரின் பெயரின்றிக் கருத்தளித்தவரின் பெயரே காணப்படுகிறது.

சுகினமிக் கூட்டங்களை முற்றிலும் பழிப்பதும் நேர்மையன்று. வணிகரும் உழவரும் கைவினைஞரும் மாதம் ஒருமுறை ஒரு பூவையோ பறவையையோ பற்றி எண்ணிப் பார்த்து எழுதினர். ஒரு சமுதாயத்துக்கு அது சிறிய பேறன்று. ஷிக்கியின் ஏளனத்தில் நகரத்து இளைஞரின் செருக்கும் கலந்துள்ளது என்றே நாம் கருதுகிறோம்.

நம் பக்கம்

தமிழில் தலைப்புக்குப் பாடும் மரபு தொன்மையானது. ஈற்றடி கொடுத்து வெண்பா முடிக்கச் சொல்வதும் சமசியை தீர்ப்பதும் புலவர் திறனுக்கு உரைகல்லாக விளங்கின. காளமேகத்தைச் சுற்றி எழுந்த கதைகள் அனைவரும் அறிந்தவை. ஆயினும் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். நம் மரபில் ஈற்றடி பெரும்பாலும் ஒருவர் மற்றவர்மேல் எறியும் அறைகூவல். கொடுப்பவர் எழுதுவதில்லை, எழுதுபவர் தனித்து நிற்கிறார், அவை வெற்றியா தோல்வியா என்று காத்திருக்கிறது. ஜப்பானிய அறையில் தலைப்புக் கொடுத்தவரும் அதே தலைப்புக்கு எழுதியாக வேண்டும். ஆசிரியர்களாகிய நாம் நம் மாணவர்க்குத் தலைப்புக் கொடுத்துவிட்டு எத்தனை முறை உடனமர்ந்து எழுதியிருக்கிறோம்?

தமிழ் ஹைக்கூவைப் பற்றியும் ஒன்று கூற வேண்டியுள்ளது. அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’ 1984இல் வெளிவந்ததை ஒட்டி அவ்வடிவம் தமிழில் பரவலாயிற்று. நாம் மூன்றடியை வாங்கிக்கொண்டோம், அறையை வாங்கிக்கொள்ளவில்லை. பருவச்சொல் நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாது என்று விலக்கியது ஓரளவு நியாயமே. மலேசியாவில் முதற்பனிக்கு எங்கே போவது? ஆனால் பருவச்சொல்லோடு சேர்த்துப் பொதுத்தலைப்பையும் இழந்தோம். தலைப்பைப் பகிராத வாசகருக்குக் கவிஞர் மூன்றடிக்குள் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்; சொல்லி, இறுதியில் ஒரு திருப்பமும் தந்தாக வேண்டும். அதனால் நம் ஹைக்கூக்களுட் பல சமுதாயக் கிண்டலாகவும் அறிவுச் சொடுக்காகவும் முடிகின்றன. ஷிக்கி வகுத்த முதல் வேறுபாட்டின்படி நோக்கினால், நாம் ஷிக்கியின் பக்கத்தில் நிற்கிறோமா சுகினமி ஆசான்களின் பக்கத்தில் நிற்கிறோமா என்னும் ஐயம் எழுகிறது. விதிவிலக்கான நல்ல பாக்கள் உள என்பதை நாம் மறுக்கவில்லை.

இனி நம் மாதக் கூட்டங்கள். அவை தோழமையில் குறைந்தவை அல்ல. படைப்பைப் படிப்பவரின் பெயர் முதலில் அறிவிக்கப்படுகிறது. அவர் யார், இதுவரை என்ன பரிசு பெற்றார் என்பன சொல்லப்படுகின்றன. அதன் பிறகே படைப்பு வருகிறது. கேட்போர் கவிதையைக் கேட்கும் முன்னரே கவிஞரைக் கேட்டுவிடுகின்றனர். முடிவில் பாராட்டு, போட்டியாயின் பரிசு. மூத்தவர் ஒருவரின் கவிதை தளர்ந்துள்ளது என்று இளையவர் கூறும் சூழல் அங்கே இல்லை. கூறினால் நட்பு முறியும். இதனைக் குறையாக மட்டும் காண்பதும் சரியன்று. தமிழில் எழுதுவோர் சிலராக உள்ள நாடுகளில் ஒருவர் மனம் நொந்து ஒதுங்கினால் அவர் இடத்துக்கு வர இன்னொருவர் காத்திருப்பதில்லை. பாராட்டு இங்கே ஒருவகைப் பாதுகாப்பு.

தோழமை கெடாமல் கண்டிப்பும் இருக்கக்கூடும் என்பதற்கு ஷிக்கி குழுவின் மற்றொரு கூட்டத்தைச் சுட்டலாம். 1900இல் தொடங்கிய உரைநடை வாசிப்புக் கூட்டத்தை அவர்கள் ‘மலைக்கூட்டம்’ என்று வழங்கினர். எழுத்தில் ஒரு ‘மலை’, அதாவது உச்சி, இருத்தல் வேண்டும் என்று ஷிக்கி வலியுறுத்தியதால் அப்பெயர். ஷிக்கி மறைந்த பின்னும் அது தொடர்ந்தது. 1904 டிசம்பரில் அக்கூட்டத்துக்காக நட்சுமே சோசெகி எழுதிக் கொடுத்த பகுதியைக் கியோஷி முதலில் தாம் படித்து, சில இடங்களைக் குறைக்கச் சொன்னார். சோசெகி இசைந்தார். பின்னர்க் கியோஷியே அதைக் கூட்டத்தில் வாசித்தார். எழுதியவர் குரலில் அன்று. அடுத்த மாதம் ‘ஹொட்டோட்டோகிசு’ இதழில் வெளிவந்த அப்பகுதியே பூனை ஒன்று தன் கதை கூறும் அந்தப் புகழ்பெற்ற நாவலின் தொடக்கம். அந்நாவலுக்குள் ஓரிடத்தில், ‘சுகினமி’ என்றால் என்ன என்று குடும்பத்தலைவி கேட்க, வீட்டுக்கு வந்த நண்பர் நீட்டி முழக்கி விளக்கம் தருவது நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டு. வசைச்சொல் அதற்குள் வீட்டுப் பேச்சாகிவிட்டிருந்தது.

பெயர் மறைத்துப் படியெடுக்கும் முறையை நாம் ஒருமுறை பயிற்சி ஆசிரியர் வகுப்பொன்றில் செய்து பார்த்தோம். தலைப்பு ‘கதவு’. நாமும் எழுதினோம். வகுப்பில் கவிஞர் என்று பெயர் பெற்றிருந்தவரின் வரிகளை ஒருவரும் தெரிவு செய்யவில்லை. நம்முடையதை ஒருவர் தெரிவு செய்தார். அதிகம் பேசாத மாணவி ஒருவர் எழுதியது ஏழு பேரால் குறிக்கப்பட்டிருந்தது. தம் பெயரைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் சொல்லத் தயங்கினார், பக்கத்திலிருந்தவர்தாம் சொன்னார். அடுத்த வாரமும் இதையே செய்வோம் என்று சிலர் கேட்டனர். கவிஞர் அவ்வாரம் வரவில்லை. அதற்கும் அடுத்த வாரம் வந்தார். பத்துத் துண்டுகள் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

இம்முறை நம் மாதக் கூட்டங்களுக்குப் பொருந்துமா என்பது எளிதில் விடைகூறக்கூடியதன்று. முப்பது பேர் பல்லாண்டாகக் கூடும் அவையில் கையெழுத்தை மறைத்தாலும் நடையை மறைக்க இயலாது. இரண்டாவது அடியிலேயே இன்னார் எழுதியது என்று தெரிந்துவிடும். நெகிஷியிலும் அப்படித்தான் தெரிந்திருக்கும். தெரிந்தும் அவர்கள் ஷிக்கியின் பாவைக் குறிக்காமல் அடுத்த தாளை வாங்கிக்கொண்டனர்.